ஐஸ்காரன் கால்

"இரும்புத் தகடு மேல வெறுங்கால வெச்சு நின்னேன் பாய். இந்த வெயில்ல. ஒரு டீ முழுசா குடிச்சு முடிக்கிற வரிக்கும். சுட்டுச்சான்னு கேளு. குளுந்துச்சு பாய்! தும்மலே வந்துடுச்சு!"

அக்னி நட்சத்திரத்தின் ஒன்பதாவது நாள், வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றே முக்கால் மணிக்கு, கல்மண்டபம் அமீர் பாய் டீக்கடையில் ஜெயவேல் இப்படி அறிவித்தார். அன்றைக்கு அடித்த வெயிலில் காக்கைகள் இறக்கை கருகிவிடும் என்று பயந்து பிளாட்பாரத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தன. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் தாரில் ஒட்டிய டயரைப் பிய்த்துப் பிய்த்து நகர்ந்தது. கடைக்கு எதிரே மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மூடி ஓர் இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். அதில் முட்டையை உடைத்து ஊற்றினால் ஆம்லெட் ஆகிவிடும். கொஞ்சம் அசந்தால் ஆம்லெட்டும் கரியாகிவிடும்.

ஜும்மா தொழுகை முடிந்து வந்து அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்த அமீர் பாய் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கூட வந்த நாலு பேர் சிரித்தார்கள். ஜெயவேல் சொல்வதை நம்புவதற்காக யாரும் அந்தக் கடைக்கு வருவதில்லை, கேட்பதற்காக வருவார்கள். "மெய்யாலுமா நைனா?" என்று வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, இன்னொரு டீ சொல்வார்கள். மறுத்துப் பேசுகிற வேலையை ஒரே ஒருவருக்குத்தான் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

"இக்னேஷியஸ் சார் இங்கதான இருந்தாரு?" என்று அமீர் திரும்பினார். "சொல்லு சார். நின்னாரா?"

"கேளு, கேளு! மாமுதான் சாட்சி. கண்ணு முன்னாடி நின்னேன்," என்று ஜெயவேல் மார்பைத் தட்டினார்.

இக்னேஷியஸ் காலி கிளாஸை பெஞ்சில் வைத்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"கப்ஸா," என்றார். "நெழல்ல குந்திகினு இருந்தான். காலு தகட்டாண்ட போவவே இல்ல."

கடை குலுங்கியது. பால் பாத்திரம்கூடச் சிரித்துப் பொங்கியது. ஜெயவேலும் சிரித்தார். ஆனால் ஒரு நொடி பிந்திச் சிரித்தார்.

முப்பத்தெட்டு வருஷப் பழக்கத்தில் ஜெயவேல் சொன்ன முதல் உண்மை அது. தும்மலையும் குளுமையையும் கழித்துவிட்டால் எழுத்துக்கு எழுத்து உண்மை. இக்னேஷியஸ் சொன்ன முதல் பொய்யும் அதுதான்.

இக்னேஷியஸ் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓர் எடைமேடையில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்தவர். லாரியை மேடையில் ஏற்றி, எடையைப் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. அத்தனை வருஷத்தில் எந்த டிரைவர் சொன்ன எடையும் மேடை காட்டிய எடையோடு ஒத்துப்போனதில்லை. ஆகவே மனிதர்கள் வாயால் சொல்கிற எதையும் நம்புவதற்கில்லை என்ற முடிவுக்கு அவர் இருபத்தாறு வயதிலேயே வந்துவிட்டார். கோயிலில் பாதிரியார் பிரசங்கம் செய்யும்போதுகூட, சீட்டு எங்கே என்று கேட்கிற பார்வையோடுதான் உட்கார்ந்திருப்பார்.

ஜெயவேலோ காசிமேட்டு ஐஸ்காரர். கொக்கி போட்டு ஐஸ் பார்களை இழுத்து, அரவை மெஷினில் தள்ளி, தூளைப் படகின் வயிற்றுக்குள் கொட்டுகிற வேலை, முப்பத்தொரு வருஷம். தான் தள்ளிய பார்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவைத் தொட்டுவிட்டு, மிச்சத்தில் ராயபுரம் முழுக்க சர்பத் போடலாம் என்பார். அவரிடம் ஒரு சுறா பீடி கேட்டிருக்கிறது. ஒரு புயல் அவருடைய சைக்கிளை எண்ணூருக்குக் கொண்டுபோய், அங்கே காற்றடித்து, மறுநாள் காலையில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இவற்றையெல்லாம் இக்னேஷியஸ் உடனுக்குடன் மறுத்திருக்கிறார். அவர் மறுக்காவிட்டால் ஜெயவேலுக்குக் கதையே ஓடாது. மறுப்பதற்கு ஜெயவேல் இல்லாவிட்டால் இக்னேஷியஸுக்குச் சோறு இறங்காது.

ஐஸ்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவனை ஒரு காலைப் பலகையிலும் இன்னொரு காலை ஐஸ் பார் மேலும் வைத்து நிற்கச் சொல்வார்கள். பழைய ஆட்கள் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை அவன் நிற்க வேண்டும். முதல் வாரம் அலறுவான். இரண்டு மூன்று வருஷத்தில் அவன் பாதம் மரத்துப்போகும். அப்போது மேஸ்திரி வந்து காலில் கொக்கியால் தட்டிப் பார்த்து, "ஐஸ் காலு வந்துடுச்சுடா இவனுக்கு," என்று எல்லாருக்கும் டீ சொல்வார். பாதத்தில் உணர்ச்சி போனால் அங்கே அது பதவி உயர்வு. ஜெயவேலின் கால் அந்த வட்டாரத்திலேயே பெரிய பதவியில் இருந்த கால்.

வேலையை விட்டு நாலு வருஷமாகியும் அந்தக் கால் மரத்தே கிடந்தது. போதாததற்கு இன்னும் மேலே ஏறி முழங்காலுக்குப் பாதி வழி வரை வந்துவிட்டது. வேலையை விட்டபின் மரமரப்பு குறையத்தானே வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. "ஐஸ் காலு, அப்டித்தான் இருக்கும்," என்றார்கள். பட்டம் வாங்கினவனிடம் பட்டம் ஏன் இன்னும் இருக்கிறது என்று யார் கேட்பார்கள்?

ஒரு வருஷத்தில் இடதுகால் செருப்பு மட்டும் ஏழு காணாமல் போயிற்று. காலை விட்டுக் கழன்றது தெரியாமல் நடந்து வந்துவிடுவார். வீட்டில் ஏழு வலதுகால் செருப்புகள் துணையை இழந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"இன்னாய்யா, எந்த பஸ்ஸுல வுட்ட?" என்று கேட்பாள் மனைவி குப்பம்மா.

"நான் வுடலடி. அதுவா எறங்கிப் போச்சு. தண்டையார்பேட்டைல அதுக்கு ஏதோ வேல இருந்துச்சாம்."

தண்ணீர் குடித்தார். ஒரு குடம், இரண்டு குடம் என்று. லாரித் தண்ணீர் வரும்போது தெருவே அவருக்குப் பயந்து முந்திக்கொண்டது. குடித்த தண்ணீரெல்லாம் உள்ளே தங்காமல் ஓடியது. கல்மண்டபத்தில் பஸ் ஏறித் திருவொற்றியூர் தேரடியில் இறங்குவதற்குள் மூன்று முறை இறங்கி ஏறினார், மூன்று டிக்கெட். கழிப்பறையில் எறும்பு மொய்த்தது. ராயபுரத்து எறும்பு மட்டும் வரவில்லை, சடையங்குப்பத்திலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்தது. "என் மூத்திரம் அவ்ளோ டேஸ்ட்டு," என்று அதையும் கடையில் பெருமையாகச் சொல்லிவிட்டு, நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயை உறிஞ்சினார். சட்டை தோளில் தொங்கியது. "உக்காந்து தின்னா ஊருக்கே தொப்ப வருது. எனக்கு உள்ள போவுது பாரு," என்றார்.

இக்னேஷியஸ் அதையெல்லாம் மறுத்தார். ஏழு செருப்பு இல்லை, நாலு இருக்கும் என்றார். இரண்டு குடம் இல்லை, ஒன்றரை என்றார். எண்ணிக்கையில்தான் அவருக்குச் சண்டை. ஒன்றரைக் குடம் தண்ணீர் குடிக்கிறவனுக்கு என்ன ஆயிற்று என்பது எடைமேடையில் ஏறாத கேள்வி.

அந்த வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான். அமீர் பாய் தொழுகைக்குப் புறப்படும்போது இருவருக்கும் ஆளுக்கொரு டீயைக் கொடுத்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிப் போனார். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஜெயவேல் வழக்கம்போல, ஐஸும் நெருப்பும் தன் காலுக்கு ஒன்றுதான் என்றார்.

"வாயால சொல்லாத. தோ தகடு கீது. நில்லு பாப்போம்," என்றார் இக்னேஷியஸ்.

"நின்னுட்டா?"

"நின்னுட்டா நீ கேக்கறத தரேன்."

"ஒன்னும் தர வாணாம். பாய் வந்த அப்பால எல்லார் முன்னாடியும் சொல்லணும். ஜெயவேல் இதுவரிக்கும் சொன்னது அத்தினியும் நெசம்னு. சுறா, சைக்கிளு, அத்தினியும்."

"சரி, நில்லுடா."

ஜெயவேல் செருப்பை உதறினார். ஐஸ் மில்லில் நிற்பதைப் போலவே நின்றார். வலது கால் பிளாட்பாரத்துக் கல்லின் நிழலில், இடது கால் தகட்டின் நடுவில், பாரம் முழுக்க இடது காலில். டீ கிளாஸைத் தூக்கி ஊருக்கெல்லாம் ஆசீர்வாதம் செய்கிற மாதிரி காட்டிவிட்டு ஒரு வாய் குடித்தார். இக்னேஷியஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முதல் நிமிஷத்தில் துள்ளிக் குதிப்பான் என்று காத்திருந்தார். இரண்டாம் நிமிஷத்தில் ஜெயவேல் சுறாக் கதையை ஆரம்பித்தார். மூன்றாம் நிமிஷத்தில் இக்னேஷியஸ் எழுந்துபோய்க் குனிந்து தகட்டை விரலால் தொட்டார். தொட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டார். நாலாம் நிமிஷத்தில் பரோட்டாக் கல்லிலிருந்து வருகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. அந்தப் பக்கம் பரோட்டாக் கடையே கிடையாது.

எறங்குடா என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். இறங்கச் சொன்னால் தோற்றதாகிவிடும். சுறா பீடி கேட்டது உண்மை என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். நடிக்கிறான், எந்த நொடியும் குதிப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடிகார முள்ளைப் பார்த்தபடி நின்றார். ஜெயவேலோ டீயை ரசித்து ரசித்து, வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தார். கடைசிச் சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டு, "பாத்தியா மாமு?" என்று காலை எடுத்தார். தகட்டில் ஈரமாக ஒரு பாதம் பதிந்திருந்தது. அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துபோனது.

இக்னேஷியஸ் அந்தக் காலின் அடியைப் பார்க்கவில்லை. ஜெயவேலும் பார்க்கவில்லை. வலிக்காத காலை யார் திருப்பிப் பார்ப்பார்கள்?

மறுநாள் காலை குப்பம்மா வீட்டுத் தரையில் ஈரத் தடம் பார்த்தாள். குடம் ஒழுகுகிறது என்று துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி தடம். தடத்தைத் தொடர்ந்து போனால் அது கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தாள். பாதத்துத் தோல் பழைய வாழ்த்துச் சுவரொட்டி மாதிரி ஓரத்தில் உரிந்து தொங்கியது.

குப்பம்மாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வியாழக்கிழமைதான் அவள் அந்தக் காலின் பித்த வெடிப்பையும் காய்ப்பையும் பிளேடால் சீவிவிட்டிருந்தாள். மாதம் ஒருமுறை சீவுவாள். நாலணாக் காசு உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு இருக்கும். இவர் ஒரு ரூபாய்க் காசு போகும் என்பார்.

"ஐயோ, பிளேடு ஆழமா பட்டுடுச்சா? ஏன்யா கத்தல?"

"பிளேடு இல்லடி. தகடு. நின்னேன்னு சொன்னேன்ல?"

"தோ பாரு, கால பாத்துமா உன் பீலா அடங்கல? இக்னேஷியஸ் அண்ணன்தான் எல்லார் முன்னாடியும் சொல்லிச்சாமே, நீ நெழல்ல குந்திகினு இருந்தன்னு."

சாயங்காலம் இக்னேஷியஸ் வந்தார். குப்பம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நீ கத உடாத ஆளு. உன்னையே கேக்கறேன். இது தகட்டுல நின்னுச்சா?"

உள்ளே கட்டிலிலிருந்து ஜெயவேல் எட்டிப் பார்த்தார். கண்ணில் அதே குறும்பு. வாடா, இப்போது என்ன சொல்வாய் என்கிற குறும்பு.

இக்னேஷியஸ் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். நேற்று நிழலில் இருந்தான் என்று சொல்லியாயிற்று. இன்று மாற்றிச் சொன்னால், ஒருவன் வெந்துகொண்டிருந்ததைக் கடிகாரம் வைத்துக்கொண்டு பார்த்தவன் என்று ஆகும். தவிர, வலிக்கவில்லை என்கிறானே. வலிக்காத புண் பெரிய புண்ணாக இருக்க முடியுமா?

"சும்மா சொல்றான்மா," என்றார். "மருந்து போடு, ஆறிடும்."

குறும்பு அணைந்தது. ஜெயவேல் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

மெடிக்கல் ஷாப்பில் பிளேடு வெட்டு என்று சொல்லிக் களிம்பு வாங்கினார்கள். வெட்டுக்குத் தருகிற களிம்பைத் தந்தான். குப்பம்மா தினமும் போட்டாள். ஜெயவேல் தினமும் அந்தக் காலோடு டீக்கடைக்கு நடந்து வந்தார். வலித்தால்தானே நடக்காமல் இருப்பார். நாலாம் நாள் கட்டுத் துணி மஞ்சளாகியது. ஆறாம் நாள் கடையில் ஒரு நாற்றம் வந்தது. ஆளாளுக்குச் சாக்கடையைத் திட்டினார்கள். அமீர் பாய் வாசலில் பினாயில் ஊற்றினார். இக்னேஷியஸ் மட்டும் திட்டவில்லை. பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் இந்த ஓரத்துக்கு நகர்ந்தார். அப்புறம் வெட்கப்பட்டுப் பழைய இடத்துக்கே வந்தார்.

"மாமு, ஆஸ்பத்திரில காட்டலாம்டா," என்றார் எட்டாம் நாள்.

"இன்னாத்துக்கு? நெழல்ல குந்துனதுக்கா?"

பத்தாம் நாள் இரண்டு விரல் கறுத்தது. பதினோராம் நாள் ஜெயவேலுக்குக் குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது. அக்னி நட்சத்திர வெயிலில் இரண்டு போர்வை. அமீர் பாய் ஆட்டோ பிடித்தார், இக்னேஷியஸும் கூடவே ஏறினார்.

அரசு ஆஸ்பத்திரியில் மோகனப்ரியா என்று ஒரு டாக்டர். ஜெயவேலின் இடுப்பு உயரம் இருப்பாள். கேள்வி கேட்டால் போலீஸ்காரனும் உண்மையைச் சொல்லிவிடுவான். விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். மெஷின் நானூற்று எண்பத்தாறு என்று காட்டியது.

"சுகர் எத்தனை வருஷமா இருக்கு?"

"சுகரா? எனக்கா? எங்க வம்சத்துலயே கெடயாது டாக்டரம்மா."

கட்டைப் பிரித்தாள். குப்பம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் முகத்தைச் சுளிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு கைப்பிடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய நைலான் நூலை எடுத்தாள்.

"கண்ண மூடிக்குங்க. இந்த நூலால கால்ல தொடுவேன். தொட்டதும் 'தொட்டாச்சு'ன்னு சொல்லணும். சரியா?"

ஜெயவேல் கண்ணை மூடினார். டாக்டர் நல்ல காலின் கட்டைவிரலில் நூலை வளைகிற அளவுக்கு அழுத்தினாள். பேச்சில்லை. குதிகாலில், உள்ளங்காலில், ஓரத்தில் அழுத்தினாள். இடது காலில் புண் இல்லாத இடமாகப் பார்த்து அழுத்தினாள். கணுக்காலில், அதற்கும் மேலே. இக்னேஷியஸ் எண்ணிக்கொண்டே வந்தார். எண்ணாமல் இருக்க அவருக்குத் தெரியாது. பதினான்கு இடம்.

"எப்ப டாக்டரம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார் ஜெயவேல், கண்ணை மூடியபடியே, நல்ல பிள்ளையாக.

டாக்டர் நூலைக் கீழே வைத்தாள். "முடிச்சாச்சுப்பா. கண்ணத் தெறங்க."

ஜெயவேல் கண்ணைத் திறந்து எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். அந்த ஒரு தடவைதான் அவர் முகத்தில் பயத்தை இக்னேஷியஸ் பார்த்தார். சுறாவிடம் பயப்படாதவர்.

"ஐஸ் காலுங்க," என்றாள் குப்பம்மா சுவரைப் பார்த்தபடி. "நாலு வருஷம் முன்னாடி வரிக்கும் ஐஸ் மில்லுல வேல பாத்தாங்க. அவுங்க எல்லாருக்கும் அப்டித்தான்."

"ஐஸ விட்டு நாலு வருஷமாச்சுன்னீங்களேம்மா. அப்புறமும் ஏறிக்கிட்டே வந்திருக்கே," என்றாள் டாக்டர். "தண்ணி தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, உடம்பு இளைக்கிறது, செருப்பு கழண்டா தெரியாம போறது... எதுவுமே இல்லையா?" ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமைக் கதை இருந்ததைக் குப்பம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மறுபடி புண்ணைப் பார்த்தாள். "இது வெட்டுக் காயம் மாதிரி இல்ல. சுட்ட புண் மாதிரி இருக்கு. எதுல சுட்டுக்கிட்டீங்க?"

ஜெயவேல் இக்னேஷியஸைப் பார்த்தார்.

குறும்பு இல்லை, கோபமும் இல்லை. வெறுமனே பார்த்தார். லாரி மேடையில் ஏறி நின்ற பிறகு டிரைவர் ஜன்னலைப் பார்ப்பானே, சீட்டுக்காக, அப்படி. இக்னேஷியஸ் அறையின் மூலையிலிருந்த எடை பார்க்கிற மெஷினைப் பார்த்தார். அது சுழியத்துக்கு ஒரு கோடு தள்ளி நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செருப்புக் கடிங்க," என்றார் ஜெயவேல்.

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றாள் டாக்டர். விரல் மட்டும் போதாதா என்று அமீர் பாய் கேட்டார். பாதமாவது நிற்காதா என்று கேட்டார். தன் காலை விற்கப் பேரம் பேசுகிறவர் மாதிரி அங்குலம் அங்குலமாகக் கேட்டார். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, தள்ளிப்போட்டால் ஆளே போய்விடுவார் என்றாள். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவள், குப்பம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை எடுத்தார்கள்.

ஜெயவேல் வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆயிற்று. அவர் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். அமீர் பாய் கடையில் டீ விற்பனை பாதியானது என்று சொன்னால் மிகை, கால்வாசி குறைந்தது. சர்க்கரை எத்தனை போட்டாலும் ருசி வரவில்லை என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். துறைமுகத்து லாரிகள்கூட ஹாரன் அடிக்க மனமில்லாமல் போயின. இக்னேஷியஸ் மறுப்பதற்கு எதுவும் இல்லாமல் தினத்தந்தியில் ராசிபலனை மறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு கால் இருந்தது. அதுவும் மரத்த கால்தான். தினமும் அடிப்பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், சின்னச் சிவப்பு இருந்தாலும் வர வேண்டும், நகத்தை நேராக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் அதே வழிதான் என்று டாக்டர் குப்பம்மாவிடம் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். குப்பம்மா அந்தக் காலைத் தொடுவதில்லை. சோறு ஊட்டுவாள், முதுகு துடைப்பாள், கட்டு மாற்ற ஆள் கூட்டி வருவாள். கால் பக்கம் போன கையை இழுத்துக்கொள்வாள். பிளேடு டப்பாவைக் கூவத்தில் எறிவதற்கென்றே பஸ் பிடித்துப் போய் எறிந்துவிட்டு வந்தவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அமீர் பாயும் இக்னேஷியஸும் போனார்கள். ஃபிளாஸ்கில் சர்க்கரை போடாத டீ. ஜெயவேல் கட்டிலில் சாய்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் சப்பையாகவும் கிடந்தது. மேடான பக்கத்தில் போர்வைக்கு வெளியே தெரிந்த பாதத்தில் நகம் வளர்ந்து விரல் சதையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா நைனா, ஒரேடியா ஊமயாயிட்ட?" என்றார் அமீர். "கடைல புதுசா ரெண்டு பேர் வந்துகினு கீறானுங்க. உன் கத ஒன்னு சொல்லேன், போயி எடுத்து உடறேன். அந்தத் தகட்டு மேல நின்னியே, தும்மல் வந்துச்சே, அத சொல்லு."

ஜெயவேல் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கப்ஸா பாய்," என்றார்.

"இன்னாது?"

"கப்ஸாதான். எவனாச்சும் அந்த வெயில்ல தகட்டுல நிப்பானா? நெழல்ல குந்திகினு இருந்தேன். மாமு அன்னிக்கே சொன்னானே."

அமீர் பாய்க்கு ஃபிளாஸ்க் மூடியைத் திருகத் தெரியவில்லை. ஜெயவேல் தன் கதையைத் தானே கப்ஸா என்று சொல்லி அந்த வட்டாரத்தில் யாரும் கேட்டதில்லை.

குப்பம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான்தான்," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. "அது தகடு தகடுன்னு சொல்லிகினு இருந்துச்சு. ஒரு மூலைல நெனச்சுகினு இருந்தேன், ஒருவேள மெய்யா இருக்குமோன்னு. இல்ல. என் பிளேடுதான். இந்தக் கையாலதான் அறுத்தேன். முப்பத்தஞ்சு வருஷம் கூட வாழ்ந்துட்டு இந்தக் கையாலதான்..."

"அழாதடி, எனக்குத்தான் வலிக்கவே இல்லியே," என்றார் ஜெயவேல். அதில் பழைய விளையாட்டு கொஞ்சம் இருந்தது. அதுவும் உடனே போயிற்று. "இப்பதான் வலிக்குது. இல்லாத காலு. ராத்திரி பூரா உள்ளங்கால் எரியுது. சொன்னா எவன் நம்புவான்?"

இக்னேஷியஸ் போர்வையின் சப்பையான பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் மேடான பக்கத்தை. நகம் இறங்கிய இடத்தில் சதை சிவந்திருந்தது. ஜெயவேலுக்குத் தெரியாது, குப்பம்மா பார்க்க மாட்டாள். அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அந்தப் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அது மீன் மாதிரி குளிர்ந்திருந்தது. சொல்வதால் எந்தக் காலும் முளைக்கப் போவதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இந்தக் காலும் நிற்குமா என்று தெரியாது.

"பிளேடு இல்லம்மா," என்றார்.

குப்பம்மா திரும்பினாள்.

"இல்லண்ணே, எனக்காவ நீ ஒன்னும்..."

"உனக்காவ இல்ல. நான் பொய் சொன்னேன். பாய் கேட்டப்ப பொய். நீ வாசல்ல நிறுத்திக் கேட்டப்ப பொய். டாக்டரம்மா கேட்டப்ப வாயே தெறக்கல." அவர் குரல் எடைச் சீட்டு படிக்கிற மாதிரி தட்டையாக இருந்தது. "நான்தான் நில்லுன்னேன். தகட்ட நானே தொட்டுப் பாத்தேன், வெரலு வெந்துச்சு. எறங்குடான்னு ஒரு வார்த்த சொல்லல. வாட்ச்ச பாத்துகினு நின்னேன்."

"மாமு, உடு," என்றார் ஜெயவேல்.

"ஏழு நிமிஷம்," என்றார் இக்னேஷியஸ். "அவன் சொன்னது மெய்தான். நின்னான்."